ஒரே கோப்பு, இரண்டு கர்சர்
சுங்கை சிப்புட்டில் நேற்று இரவு நல்ல மழை. இணைய லைன் போவதும் வருவதுமாக இருந்தது. அந்த நேரத்தில்தான் இருவர் ஒரே கோப்பில் சேர்ந்து நிரல் எழுதும் எங்கள் தளத்தில் படிவம் 4 படிக்கும் தங்கச்சி ஒருத்தி பைத்தான் நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். கூட இருந்து சொல்லிக்கொடுத்த அண்ணன் கோலாலம்பூரில்.

லைன் அறுந்தும் ஓர் எழுத்துகூட அழியவில்லை! இதற்காகத்தான் மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். முதலில் வெப்சாக்கெட் (உலாவிக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு) வழியாக முழுக் கோப்பையும் அனுப்பினேன். கடைசியாக வந்தது மற்றவர் எழுதியதை விழுங்கிவிடும். பிறகு சிஆர்டிடிக்கு (CRDT, பலர் ஒரே நேரத்தில் மாற்றினாலும் மோதலில்லாமல் ஒன்றுசேர்க்கும் தரவு அமைப்பு) மாறினேன். அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி அடையாளம். எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் இரண்டு திரையிலும் ஒரே முடிவு.

தோட்டத்தில் நான் படித்த காலத்தில், "இந்த வரியப் பாரும்மா" என்று சொல்ல பக்கத்தில் ஆளில்லை.

வாரம் ஒரு மணி நேரம் தர முடிந்த அண்ணன்மார், அக்காமார் உள்பெட்டிக்கு வாங்க. ஜாவாஸ்கிரிப்ட் கற்க நான்கு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.