பச்சை தத்துப்பூச்சியும் அம்பை 7 நெல்லும்

நெல் வயலில் தத்துப்பூச்சி என்றதும் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது புகையான்தான். தூரில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சிப் பயிரைத் திட்டுத்திட்டாகக் கருகவைப்பதால், அதன் சேதம் தூரத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது. அதே வயலில் இலைகளின் மேற்பகுதியில் வாழும் நெபோடெட்டிக்ஸ் பேரினத்துப் பச்சை தத்துப்பூச்சி, உறிஞ்சுவதால் மட்டும் அவ்வளவு கேடு செய்வது அரிது. அதனாலேயே அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அந்த அலட்சியம் ஆபத்தானது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான்கைந்து மில்லிமீட்டர் நீளமுள்ள, தலைப்பக்கம் அகன்று பின்பக்கம் குறுகிய பச்சைப் பூச்சி இது. ஆணின் இறக்கை நுனி கறுத்திருக்கும். பெரும்பாலும் இறக்கையின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி காணப்படும். விரலை அருகில் கொண்டுசென்றால் நண்டைப் போலப் பக்கவாட்டில் நகர்ந்து இலையின் மறுபுறம் ஒளிந்துகொள்ளும். இரவில் விளக்கொளியைத் தேடி வரும் பழக்கமும் இதற்கு உண்டு. கொல்கத்தாவில் காளி பூஜைக் காலத்துத் தெருவிளக்குகளை இவை மொய்ப்பதை வங்காளிகள் நன்கு அறிவர்.

இப்பேரினத்தின் விரெசென்ஸ் என்ற இனம்தான் துங்ரோ என்னும் நெல் வைரஸ் நோயின் முதன்மைக் கடத்தி, அதாவது அதைச் செடிக்குச் செடி பரப்பும் பூச்சி. இந்த நோயைப் பூச்சி பரப்புகிறது என்பது 1960களில் பிலிப்பைன்ஸில் உறுதியானது. இலை நுனியிலிருந்து மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம் பரவுவதும், பயிர் குட்டையாகித் தூர்கள் குறைவதும் இதன் அடையாளங்கள். இதை உண்டாக்குபவை இரண்டு வைரஸ்கள். கோள வடிவமுள்ள ஒன்று, தனியாக வந்தால் பயிரில் வெளிப்படையாக எதையும் காட்டுவதில்லை. கோல் வடிவமுள்ள மற்றொன்றே மஞ்சளையும் குட்டைத்தன்மையையும் தருகிறது. ஆனால் முதல் வைரஸின் துணையில்லாமல் பூச்சியால் அதைக் கடத்த முடியாது. இவ்விரண்டும் பூச்சியின் உடலுக்குள் பெருகுவதில்லை. நோயைப் பரப்பும் திறன் சில நாட்களே நீடிக்கிறது, தோலுரித்த இளம்பூச்சி அதை உடனே இழந்துவிடுகிறது. ஜப்பானில் இதே பேரினத்தின் சிங்டிசெப்ஸ் இனம் பரப்பும் நெல் குட்டை நோயின் கதையோ வேறு: அந்த வைரஸ் தாய்ப்பூச்சியின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுஷி 1933-இல் காட்டினார்.

இந்தப் பூச்சியை எதிர்க்கும் நெல் ரகங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1971-இல் வெளிவந்த ஆய்வு, எதிர்ப்புத் தன்மையைத் தரும் மரபணுக்களை முதன்முதலாகப் பிரித்துக் காட்டியது. அவற்றுள் ஒன்று நம் அம்பாசமுத்திரத்து அம்பை 7 ரகத்திலிருந்து கிடைத்தது. பின்னர் இன்னொரு மரபணு அம்பை 8-இலும், வேறொன்று யாழ்ப்பாணத்து மக்கள் நன்கறிந்த மொட்டைக்கறுப்பனிலும் கண்டறியப்பட்டன. இத்தகைய ரகங்களின் மீது அமரும் பூச்சி, செடியின் உணவைக் கடத்தும் புளோயத்திலுள்ள சத்து நிறைந்த சாற்றை எளிதில் எடுக்க முடியாமல், நீரைக் கடத்தும் சைலத்திலிருந்தே பெரும்பாலும் உறிஞ்ச நேர்கிறது. புரோமோகிரெசால் பச்சை என்ற சாயம் தோய்த்த வடிதாளைச் செடியின் அடியில் விரித்து, பூச்சியின் கழிவுத்துளி விழுந்த இடம் நீலமாகிறதா என்று பார்த்தே இதை அறிந்துவிடுகிறார்கள். நீலமானால் அது புளோயத்தை உண்டிருக்கிறது என்று பொருள்.

ஒரே ரகத்தைப் பரந்த நிலத்தில் தொடர்ந்து பயிரிட்டால் பூச்சி அதற்குப் பழகிவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோயைப் பற்ற வைக்கப் பூச்சிக்குச் சில நிமிடங்களே போதும் என்பதால், வயலில் மஞ்சள் தெரிந்த பிறகு மருந்து தெளிப்பதில் பயன் குறைவு. அறுவடை முடிந்ததும் வயலில் எஞ்சிய நெல்தாளை மடக்கி உழுவதும், பக்கத்து வயல்களோடு ஒரே சமயத்தில் நடவு செய்வதும், எல்லாவற்றுக்கும் மேலாக நாற்றங்காலிலேயே பூச்சியைக் கண்காணிப்பதும்தான் உதவும். இளம்பயிரில் தொற்றும் துங்ரோவே விளைச்சலை அதிகம் பறிக்கிறது.