பரிசுச் செடிகளின் நாட்குறிப்பு

டிசம்பர் 26
பண்டிகைப் பரிசாக மூன்று தொட்டிகள் வந்திருக்கின்றன. சிவப்பு நிறப் பாயின்செட்டியா, கிழங்கிலிருந்து பூக்கிற சைக்ளமென், மொட்டு நிறைந்த கிறிஸ்துமஸ் கள்ளி. முதல் வேலையாக, தொட்டிகளைச் சுற்றியிருந்த ஜிகினாத் தாளைக் கழற்றினேன். அது இருந்தால் ஊற்றுகிற தண்ணீர் வெளியேறாமல் தேங்கி வேர் அழுகிவிடும். கள்ளி ஜன்னலோரத்தில். பூக்கும்வரை அதை நகர்த்தக் கூடாது; இடம் மாறினால் மொட்டுகளைக் கொட்டிவிடும்.

ஜனவரி 5
பாயின்செட்டியாவைப் பார்த்து, "இந்தப் பூ எத்தனை நாள் இருக்கும்?" என்று அண்ணி கேட்டார். சிவப்பாக இருப்பதெல்லாம் இலைகள்தான் அண்ணி, நடுவில் மஞ்சளாகத் தெரிகிற குட்டி மணிகள்தான் பூ என்றேன். அதனால்தான் வாரக்கணக்கில் நிறம் நிற்கிறது.

சைக்ளமெனுக்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றுவதில்லை. கிழங்கின் தலை நனைந்தால் அழுகல் வரும். தட்டில் ஊற்றி, மண் உறிஞ்சியதும் மிச்சத்தைக் கொட்டிவிடுகிறேன். சூடான அறையும் அதற்கு ஆகாது, வீட்டிலேயே குளிர்ச்சியான ஜன்னல் அதற்குத்தான். வாடிய பூவைக் காம்போடு அடியில் பிடித்து முறுக்கி இழுத்தால் சுத்தமாக வந்துவிடும்.

ஏப்ரல் 11
சைக்ளமென் இலைகள் மஞ்சளாகின்றன. செத்துவிட்டதென்று தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. மத்தியதரைக் கடல் பகுதிச் செடி அது. அங்கே மழை குளிர்காலத்தில், கோடை வறட்சி. அதனால் வெயில் காலத்தில் கிழங்காகத் தூங்கும். தண்ணீரைக் குறைத்து நிழலில் வைத்துவிட்டேன்.

பாயின்செட்டியாவைத் தொட்டி மண்ணிலிருந்து 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டினேன். பால் வடியும், தோலில் பட்டால் அரிக்கும், கையுறை அவசியம்.

ஜூன் 2
இரவுக் குளிர் விட்டதால் பாயின்செட்டியாவும் கள்ளியும் வெளியே போயின. நேராக வெயிலில் வைத்தால் இலை கருகும். முதலில் முழு நிழல், அப்புறம் கொஞ்சம் காலை வெயில். கள்ளிக்குக் காலை வெயிலுக்கு மேல் ஆகாது. பிரேசில் மலைக்காடுகளில் மரக்கிளைகளில் வளர்கிற செடி, பாலைவனக் கள்ளி மாதிரி காயப்போட முடியாது.

ஆகஸ்ட் 20
பாயின்செட்டியாவின் நுனிகளைக் கடைசியாகக் கிள்ளினேன். இனிமேல் கிள்ளினால் நிறம் பிடிக்க நாள் போதாது.

செப்டம்பர் 18
இரவில் 13 டிகிரியை நெருங்குகிறது. உள்ளே கொண்டுவருமுன் இலைகளின் அடியில் தேடியதில் வெள்ளை ஈ. இலைகளை நன்றாகக் கழுவி, மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வைத்தேன். சைக்ளமென் கிழங்கில் துளிர் தெரிகிறது, தண்ணீர் கொடுக்கத் தொடங்கியாயிற்று.

அக்டோபர் 1
இன்றிலிருந்து பாயின்செட்டியாவுக்கு மாலை 6 முதல் காலை 8 வரை அட்டைப்பெட்டிக்குள் இருட்டு. இலைகள் மறுபடி சிவக்க, தினமும் 14 மணி நேரம் இடைவிடாத இருள் வேண்டும். நடுவில் விளக்கு வெளிச்சம் பட்டால்கூட நிறம் மாறுவது தள்ளிப்போகும். பகலில் நல்ல வெளிச்சம். கள்ளிக்குப் பெட்டி வேண்டாம், இரவில் விளக்கு போடாத குளிர்ந்த அறை போதும்.

நவம்பர் 24
பாயின்செட்டியாவின் மேல் இலைகளில் நரம்போரமாகச் சிவப்பு ஏறுகிறது! கள்ளியின் நுனிகளில் மொட்டு. பாயின்செட்டியாவுக்கு நிறம் முழுதாகப் பிடிக்கும்வரை பெட்டியை நிறுத்தப் போவதில்லை.