முதல் நாள் தப்பாக வாசித்த மைனர் ஸ்கேல்

கீபோர்டில் மேஜர் ஸ்கேல் என்ற சுர வரிசை ஓரளவு கைக்கு வந்ததும் மைனரைத் தொடங்கினேன். மூன்றாவது சுரத்தை அரை இடைவெளி, அதாவது கறுப்பையும் சேர்த்து ஒரு கட்டை, இறக்கினால் மைனர் என்று மனதில் பதிந்திருந்தது. அதனால் சி மேஜரில் ஈ-யை மட்டும் இறக்கி ஈ ஃப்ளாட் ஆக்கினேன். ஏறும்போது நன்றாகவே இருந்தது. இறங்கும்போது சி, பி, ஏ, ஜி வரைக்கும் அப்பட்டமான மேஜர். சரி, எங்கேயோ தப்பு.

மறுநாள் ஏ-யில் தொடங்கி அடுத்த ஏ வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தேன். இதுதான் நேச்சுரல் மைனர். அரை இடைவெளியை 1 என்று வைத்தால், இடைவெளிகள் 2-1-2-2-1-2-2. இதே கணக்கைச் சி-யில் போட்டால் ஈ, ஏ, பி மூன்றுமே ஃப்ளாட். நம்ம நடபைரவி ராகமும் இதே சுரங்கள்தான்.

ஆனால் முடிவு திருப்தியாக இல்லை. ஜி-யிலிருந்து ஏ-க்கு முழு இடைவெளி இருப்பதால், வந்து உட்கார்ந்த நிறைவு கிடைக்கவில்லை. இடது கையில் ஈ மைனர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்து ஏ மைனருக்குப் போனாலும் அதே கதை. ஜி-யை அரை இடைவெளி ஏற்றி ஜி ஷார்ப் ஆக்கிப் பார்த்தேன். ஈ மைனர் ஈ மேஜராக மாறியது. அந்த ஜி ஷார்ப் கையைப் பிடித்து ஏ-க்கு இழுத்துக்கொண்டு போனது! திரும்பத் திரும்ப இதையே வாசித்துக்கொண்டிருந்தேன். இந்த வரிசைக்கு ஹார்மானிக் மைனர் என்று பெயர். ஹார்மனி என்றால் சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது; பெயரின் பொருத்தம் அப்போதுதான் புரிந்தது: கார்டுக்காகச் செய்த மாற்றம் அது. கீரவாணி ராகத்தின் சுரங்களும் இவையே.

ஒரு சுரத்தை ஏற்றியதில் இன்னொரு இடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. எஃப்-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே 3 அரை இடைவெளிகள். தனியாகக் கேட்க எனக்கு மிகவும் பிடித்த இடம் அது, ஆனால் பாடிப் பார்த்தால் குரல் தடுக்குகிறது. எஃப்-ஐயும் ஷார்ப் ஆக்கினால் பள்ளம் நிரம்பிவிடும். அது மெலடிக் மைனர். இறங்கும்போது ஏ-யை நோக்கிய அந்த இழுப்பு தேவையில்லை, அதனால் மரபுப்படி நேச்சுரலுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

அப்புறம் இதைச் சி-க்கு மாற்றினேன். சி, டி, ஈ ஃப்ளாட், எஃப், ஜி, ஏ, பி. முதல் நாள் நான் வாசித்த அதே வரிசை! ஏறியது சரியான மெலடிக் மைனர்தான், இறக்கம்தான் கோளாறு.

இப்போது ஜி மைனரில் இருக்கிறேன். ஏறும்போது சாதா ஈ, பிறகு எஃப் ஷார்ப். இறங்கும்போது சாதா எஃப், பிறகு ஈ ஃப்ளாட். விரல் இன்னும் இறக்கத்திலும் எஃப் ஷார்ப்பைத்தான் தேடிப் போகிறது.