மின் வேலையை விட்டுத் தாதியான பின்

கைத்தொழில் ஒன்றைப் பல ஆண்டுகள் செய்துவிட்டு நடுவயதில் தாதியாக வரும் ஆணைப் பற்றி இங்கிலாந்து வைத்தியசாலைகளில் ஒரு நம்பிக்கை உண்டு: ஆள் பலசாலி, நோயாளரைத் தூக்கிப் புரட்ட உதவுவார் என்பதே அது. லண்டனில் எலெக்ட்ரீசியனாக இருந்து, நாற்பதை நெருங்கும் வயதில் தாதியப் படிப்பில் சேர்ந்து, இப்போது முதியோர் மருத்துவ வாட்டு ஒன்றில் வேலை செய்யும் எனக்குப் பழைய தொழிலிலிருந்து மிகக் குறைவாகப் பயன்பட்டது உடல் பலம்தான். 1992ஆம் ஆண்டின் பாரம் கையாளுதல் ஒழுங்குவிதிகளுக்குப் பிறகு, நோயாளரை வெறுங்கையால் தூக்குவது கூடுமானவரை தவிர்க்க வேண்டிய செயலாகிவிட்டது. வழுக்குத் துணி, ஹொயிஸ்ட் என்னும் தூக்கும் கருவி, இரண்டு பேர் என்பதே நடைமுறை. அதை என்னில் பாதி எடையுள்ள பிலிப்பைன்ஸ் பெண் ஒருவர் என்னைவிட நேர்த்தியாகச் செய்கிறார்.

உண்மையில் கைகொடுத்தது, எதையும் சோதிக்காமல் நம்பாத பழக்கம். ஒரு மின்சுற்றில் கை வைப்பதற்கு முன் எலெக்ட்ரீசியன் மின்சாரத்தைத் துண்டித்து, வேறு யாரும் திரும்பப் போட்டுவிடாதபடி பூட்டிட்டு, மின்னழுத்தம் காட்டும் கருவியால் சோதிப்பார் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கருவியே ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை, மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் முன்னதாக ஒருமுறையும், சுற்றைச் சோதித்த பின்னர் இன்னொருமுறையும் பார்க்க வேண்டும் என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. பழுதான கருவியும் மின்சாரம் இல்லை என்றே காட்டும் என்பதுதான் காரணம்.

வாட்டில் நான் இந்தப் பழக்கத்தை மாற்றவே இல்லை. இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் அளவி 84 வீதம் என்று காட்டினால், நோயாளரின் முகத்தையும் மூச்சையும் பார்த்தபடியே, விரல் குளிர்ந்திருக்கிறதா, நகத்தில் பூச்சு இருக்கிறதா, கருவி நழுவியிருக்கிறதா என்று பார்ப்பேன். 98 என்று காட்டும்போதும் அதே சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். நோயாளரின் நிலை மோசமடைவதை முன்கூட்டியே கண்டுகொள்ள இங்கே பயன்படும் நியூஸ் 2 என்ற புள்ளிமுறை, மூச்சு வேகம், ஒட்சிசன் அளவு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உணர்வுநிலை, உடல் வெப்பநிலை ஆகிய ஆறுக்கும் புள்ளியிடுகிறது. மொத்தப் புள்ளி 5ஐ எட்டினால் அவசரமாக மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். 7ஐ எட்டினால் நிலைமை இன்னும் தீவிரம். இவற்றில் பலவற்றைக் கருவி சொல்லிவிடும் என்றாலும், மூச்சை மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் நாமே எண்ண வேண்டியிருக்கிறது. எண்ணாமலே 16 அல்லது 18 என்று எழுதிவிடுவது தாதியர் பலரும் அறிந்த குறை. ஆனால் உடல்நிலை சரியத் தொடங்கும்போது பல வேளைகளில் முதலில் மாறுவது அந்த எண்தான்.

மோர்பின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை இருவர் சேர்ந்து எடுத்து, மீதியை எண்ணி, பதிவேட்டில் இருவரும் கையொப்பமிடும் வேலையைச் சிலர் சலிப்பாகக் கருதுகிறார்கள். சோதனை அளவுகளை நிரப்பிக் கையொப்பமிடாமல் ஒரு வீட்டின் மின்னிணைப்பை ஒப்படைக்க முடியாத தொழிலிலிருந்து வந்தவனுக்கு அதில் சலிக்க எதுவும் இல்லை.

பழைய தொழில் இடைஞ்சலாக வந்து நிற்பது வேறோர் இடத்தில். வீட்டு மின்சுற்று ஒன்றில் மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்புத்தடையை 500 வோல்ற்றில் அளக்கும்போது 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அது தேறாது. எங்கே கசிகிறது என்று தேடிக் கண்டுபிடித்து, சரிசெய்து, மறுபடி அளந்து, பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மனித உடலுக்கு இப்படி எல்லோருக்கும் பொதுவான எல்லைக்கோடு கிடையாது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு தேங்கும் ஒருவருக்கு ஒட்சிசன் 88 முதல் 92 வீதம் வரை இருப்பதே இலக்கு. அதை 98க்கு ஏற்றிவிட்டு நிம்மதியடைந்தால் அவருடைய நிலை மேலும் கெடலாம். அதனால்தான் நியூஸ் 2 முறையிலேயே இத்தகையவர்களுக்கென்று தனி அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். குறைந்த எண்ணைக் கண்டால் உடனே கூட்டத் துடிக்கும் கைக்கு இது எளிதில் படியும் பாடமல்ல. தச்சு வேலையிலிருந்தும் வாகனத் திருத்தகத்திலிருந்தும் வந்த மாணவர்களிடம் இதையே பார்க்கிறேன்: கேட்கும் ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஒரு திருத்தம் இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். இதயம் பலவீனமடைந்த முதியவர் இரவில் தூக்கமில்லை என்று சொல்லும்போது, தலையணையை உயர்த்தி, கால் வீக்கத்தைப் பார்த்து, மருத்துவரிடம் சொல்லிவிட்ட பிறகும் அவர் அருகில் இருக்க வேண்டிய நேரம் மிச்சமிருக்கிறது என்பது அவர்களுக்கு விளங்க நாளெடுக்கிறது. பணிமுறை முடியும்போது எந்த நோயாளரையும் ‘முடித்துக் கொடுத்துவிட்டேன்’ என்று சொல்ல முடியாது. இருக்கும் நிலையில் அடுத்தவரிடம் கையளித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

பிரித்தானியாவில் ஆண்கள் இத்தொழிலுக்குப் புதியவர்கள் அல்லர். மனநோய் விடுதிகளில் நெடுங்காலமாக அவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். ஆனாலும் 1919ஆம் ஆண்டின் சட்டம் ஆண்களைப் பதிவேட்டின் தனிப் பகுதியில் ஒதுக்கி வைத்தது. 1949இல்தான் அது பொதுப் பதிவோடு சேர்ந்தது. தாதியரின் தொழில் அமைப்பான ரோயல் கொலேஜ் ஒப் நேர்சிங் 1960 வரை ஆண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. இன்றும் பதிவுபெற்ற தாதியரில் ஆண்கள் பத்தில் ஒருவர் அளவில்தான் இருக்கிறார்கள்.

ஆண் தாதியைப் பற்றிய தயக்கம் நம்மவர்களிடம் வேறு விதமாக வெளிப்படுகிறது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரை உடல் கழுவிவிடப் போனால், “தம்பி, குறை நினையாதையும், அந்தப் பிள்ளையை ஒருக்கா வரச் சொல்லும்” என்று கானாவைச் சேர்ந்த என் சகபணியாளரைக் காட்டுவார். ஆண் டொக்டர் வயிற்றை அழுத்திப் பார்ப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஊர்ப் பெடியன் கழுவுவதில்தான் கூச்சம். அதை மதித்து விலகுவதும் வேலையின் பகுதிதான். பத்து நிமிடம் கழித்து அதே அம்மா, எந்த ஊர், யாருடைய மகன் என்று விசாரித்தபடி இன்சுலின் ஊசிக்குக் கையை நீட்டுவார். உறவினர்களின் கேள்விகள் இவ்வளவு இதமாக இருக்கவில்லை. நல்ல வருமானமுள்ள தொழிலை விட்டு மலசலம் அள்ளப் போகிறாயா என்று கேட்டவர்களில் சிலர், இப்போது தங்கள் இரத்தப் பரிசோதனை முடிவுகளை வட்ஸ்அப்பில் அனுப்பி விளக்கம் கேட்கிறார்கள்.

மேலே ஏறுவதற்கு ஆண்களுக்குக் கிடைக்கும் உந்துதலையும் சொல்லியாக வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போ, முகாமையாளர் பதவிக்கு விண்ணப்பி என்று என்னிடம் சொன்ன அளவுக்கு, என்னைவிட அனுபவமுள்ள பெண்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. இயந்திரங்கள் பழக்கமானவன் என்பது சொல்லப்படும் காரணம்; உண்மைக் காரணம் அது மட்டும்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. (அதே வாட்டில் ஒரு பிளக் பழுதானால் நான் தொடக்கூடாது, பராமரிப்புப் பிரிவுக்கு அறிவித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.)

இந்த மாற்றத்தை நினைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பணத்தைப் பற்றி. ஏ லெவல் இல்லாதவர்கள் வழக்கமாகப் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் ஒரு வருட அக்செஸ் டிப்ளோமாவை முடிக்க வேண்டும்; பிறகு மூன்று வருடப் பட்டம். பட்டப்படிப்பின் 4,600 மணித்தியாலங்களில் பாதி வாட்டுகளிலும் சமூகத்திலும் சம்பளமில்லாமல் கழியும். முன்பிருந்த உதவித்தொகை 2017இல் புதிய மாணவர்களுக்கு நிறுத்தப்பட்டது. 2020இலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண் திரும்ப வந்திருக்கிறது. வாடகையும் பிள்ளைகளும் உள்ளவருக்கு அது போதாது. சம்பளத்தோடு படிக்கும் அப்ரென்டிஸ் வழி இருந்தாலும், அந்த இடங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அங்கே உதவியாளராக இருப்பவர்களுக்கே போகின்றன. ஆகவே தொழிலை விடுவதற்கு முன் சில மாதங்கள் பராமரிப்பு உதவியாளராகப் பகுதிநேரம், இரவுப் பணியும் உட்பட, செய்து பார்க்கச் சொல்கிறேன். பழைய தொழிலின் தகுதி அட்டையையும் காலாவதியாக விட வேண்டாம் என்கிறேன். என் முதல் இரண்டு வருட வாடகையின் பெரும்பகுதியைக் கட்டியது சனிக்கிழமைகளில் செய்த மின் வேலைதான்.