விளையாட்டுக்கு ஒருவர், தேர்தலுக்கு ஒருவர்: பேச்சாளர் தேடிய அனுபவம்

எங்கள் நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு இரண்டு சிறப்புப் பேச்சாளர்கள் வேண்டும் என்றது நிர்வாகம். காலையில் விளையாட்டு வணிகத்தில் தலைமைப் பொறுப்பு வகித்தவர், மதியம் ஒரு தேர்தல் ஆய்வாளர். ஏற்பாடு முழுக்க என் தலையில்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர் இல்லை. நேட் சில்வரை உதாரணம் காட்டினேன். பேஸ்பால் வீரர்கள் எப்படி ஆடுவார்கள் என்று கணிக்கும் முறையை உருவாக்கியவர், 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் 50 மாநிலங்களில் 49-இன் முடிவைச் சரியாகக் கணித்தார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பெரிய பேச்சாளர்களை ஏஜென்சி வழியாகத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் அனுப்பும் டெமோ வீடியோ கைதட்டல்களாக வெட்டி ஒட்டிய துண்டு. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வெட்டாத முழு உரை ஒன்றைக் கேட்டேன். தராதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

விளையாட்டுப் பக்கம், கோப்பை வென்ற முன்னாள் வீரர்கள்தான் நிறைய வந்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது அணியை நடத்தியவர்: சம்பளப் பட்டியல், ஒளிபரப்பு உரிமை, ஸ்பான்சர் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர். 2002-இல் ஓக்லாந்து பேஸ்பால் அணி குறைந்த சம்பளச் செலவில் 103 ஆட்டங்களை வென்றது. அவற்றில் 20 தொடர்ச்சியானவை. ஆனாலும் கோப்பைக்கான பிளேஆஃப் எனும் நாக்-அவுட் கட்டத்தின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அந்த இரண்டாவது பாதியையும் பேசத் துணிபவர்தான் மேடைக்குத் தேவை என்பது என் கட்சி.

அதனால் ஒப்பந்தத்துக்கு முந்தைய தொலைபேசிப் பேச்சில் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "நீங்கள் எங்கே சறுக்கினீர்கள்?" விளையாட்டுக்காரர் முதலில் ஒரு வெற்றிக் கதையைத்தான் சொன்னார். விடாமல் மறுபடி கேட்டதும், ஒரு பயிற்சியாளரை நீக்கத் தயங்கித் தயங்கி ஒரு சீசனையே இழந்ததைச் சொன்னார். அதையே உரையின் நடுவில் வைக்கச் சொன்னேன்.

தேர்தல் ஆய்வாளர் நேராக 2016 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் போனார். தேர்தல் நாளன்று சில்வரின் கணிப்பு டிரம்புக்குச் சுமார் 29% வாய்ப்பு தந்திருந்தது. அதை "நடக்கவே நடக்காது" என்று படித்தவர்கள்தான் அதிகம். மாநிலக் கருத்துக்கணிப்புகள் பலவற்றில் கல்வித் தகுதிக்கேற்ற சமன்செய்தல் இல்லை; அதாவது பதில் சொன்னவர்களில் பட்டதாரிகளின் பங்கை வாக்காளர்களில் அவர்களுக்குள்ள பங்குக்கு ஏற்பத் திருத்தவில்லை. பட்டம் பெற்றவர்களின் குரல் கூடுதலாக ஒலித்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் கணிப்பு பிசகினால் மிச்சிகனிலும் பென்சில்வேனியாவிலும் அதே திசையில் பிசகும் என்பதையும் பலர் கணக்கில் எடுக்கவில்லை. விற்பனைக் கணிப்பு போடும் எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. கேட்ட கணமே முடிவு செய்துவிட்டேன்.

பயணம், தங்குமிடம், காலர் மைக் எல்லாம் வழக்கம்போல. ஆய்வாளரின் ஒப்பந்தத்தில் மட்டும் இரண்டு விஷயங்களைச் சேர்த்தோம். திடீரென்று தேர்தல் அறிவிப்பு வந்து தொலைக்காட்சி அழைத்துக்கொண்டால் மாற்று ஆளுக்கோ தேதிக்கோ ஏஜென்சி பொறுப்பு. எந்தக் கட்சிக்காவது வேலை செய்திருந்தால் உரையின் தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிட வேண்டும். சொன்னார், அரங்கில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

கடைசியில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்த கேள்வி-பதில் நேரம்தான் களைகட்டியது. அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று யாரோ கேட்க, ஆய்வாளர் பதில் சொல்வதற்குள் விளையாட்டுக்காரர் முந்திக்கொண்டு "எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்" என்றார். அரங்கமே சிரித்தது. ஆய்வாளரின் ஸ்லைடுகளைக் கேட்டு இன்னும் மின்னஞ்சல்கள் வருகின்றன. நிறுவனத்துக்குள் பகிரும் உரிமையை முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்ததால் தயங்காமல் அனுப்ப முடிகிறது.