தறிச் சத்தத்துக்கு ஆடிய ராத்திரி

போன சனிக்கிழமை மத்தியானம் ஈரோட்டில் பஸ் ஏறினேன். கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டல் கிளப்பில் அன்று சாயங்காலம் மூன்று டிஜேக்கள் வாசிப்பதாக இருந்தது. இரண்டு பேர் பெங்களூரிலிருந்து. மூன்றாவது ஆள் சோமனூர்த் தம்பி, சொந்தமாக டிராக் தயாரிப்பவர். அவருக்காகத்தான் போனேன். விசைத்தறிகள் ஓடும் சோமனூர் என் அமுச்சி ஊர், அதாவது அம்மாவின் அம்மா ஊர். பஸ் கருமத்தம்பட்டியைத் தாண்டும்போது வழக்கம்போல சோமனூர் இருக்கிற இடது பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கிளப் கதவைத் திறந்ததுமே பேஸ், பாட்டின் அந்தக் கனத்த தாழ்ந்த சத்தம், வந்து நெஞ்சுக்குழியில் இடித்தது. முதல் ஆள் வாசித்தது ஹவுஸ் என்கிற ஆட்ட இசை. நான் ஆடப் போகாமல் மேடை ஓரமாக நின்று அவர் கையையே பார்த்தேன். ஹெட்போனில் ஒரு காது அடுத்த பாட்டைக் கேட்கிறது, மறு காது ஹாலைக் கேட்கிறது. இரண்டு பாட்டின் அடியும் ஒன்றாக விழுந்ததும் புதுப் பாட்டை மெதுவாக உள்ளே விட்டார், பேஸ் இல்லாமல். இரண்டு பேஸும் ஒரே நேரத்தில் ஓடினால் சத்தம் சேறாகிவிடும். முப்பத்திரண்டு அடி முடிகிற இடத்தில் இடது கை பழைய பாட்டின் பேஸ் குமிழை இறக்க, வலது கை புதுசின் குமிழை ஏற்றியது. அவ்வளவுதான். பாட்டு மாறியதைக் கூட்டம் கவனிக்கவே இல்லை, கால்கள் மட்டும் சூடு பிடித்தன. எத்தனை வருஷப் பழக்கமோ அந்த விரல்களுக்கு!

இரண்டாவது ஆளும் நன்றாகவே வாசித்தார். அப்புறம் தம்பி ஏறினார்.

விளக்கெல்லாம் தணிந்தது. இருட்டில் சடக், சடக், சடக். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது தறி! அவருடைய அப்பாவின் தறிக்குடோனில் பதிவு செய்தது. ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா பெட்டியில் மோதுகிற ஒவ்வொரு சடக்குக்கும் அடியில் ஒரு கிக், டிரம்மின் கனத்த அடி, வந்து உட்கார்ந்தது. லீவுக்கு அமுச்சி வீட்டுக்குப் போனால் ராத்திரி முழுக்க அந்தச் சத்தத்தில்தான் தூங்குவோம். அதற்கு இருநூறு பேர் கை தூக்கி ஆடுவதை அன்றுதான் பார்க்கிறேன். நானும் ஆடினேன்.

சிகாகோவில் 1977-ல் திறந்த வேர்ஹவுஸ் என்ற கிளப்பின் பெயரிலிருந்துதான் ஹவுஸ் என்ற பெயரே வந்தது என்பார்கள். அங்கே வாசித்தவர் ஃப்ராங்கி நக்கிள்ஸ். இன்னொரு ஆட்ட இசையான டெக்னோ பிறந்தது 1980-களில், டெட்ராய்ட்டில். அதை உருவாக்கிய ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் பள்ளிக்கூட நண்பர்கள். டெட்ராய்ட் கார் ஆலைகளின் ஊர். மெஷின் சத்தத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் கையில் இந்த இசை அமைந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் தம்பியை வெளியே பிடித்தேன்.

"அப்பா தறில நாடா நிமிஷத்துக்கு 130 தடவ ஓடுதுங்ணா. டிராக்கையும் 130-லயே வெச்சுட்டேன். தறிச் சத்தத்த இழுக்கவும் இல்லீங்க, சுருக்கவும் இல்லீங்க."

பேசிக்கொண்டே காதிலிருந்து இரண்டு சின்ன ஆரஞ்சு நுரைப்பஞ்சு உருண்டைகளை எடுத்தார். இயர் பிளக், காதை அடைத்துச் சத்தத்தைக் குறைப்பது. வாசிக்கும்போதெல்லாம் போட்டுக்கொள்வாராம். "அப்பாவுக்குக் காது போயிருச்சுங்ணா. நானும் அப்பிடி ஆகக் கூடாதுல்லங்க."

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 3 டெசிபெல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு 15 நிமிஷம்தான். என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, நாற்பது வருஷம் தறி ஓட்டினார். கடைசிக் காலத்தில் நாங்கள் பேசினால் எங்கள் வாயைத்தான் பார்ப்பார். எங்களுக்கு அது வயசுக் கோளாறாகத்தான் தெரிந்தது. யாரும் அவருக்கு ஒரு துண்டுப் பஞ்சு கூடக் கொடுத்ததில்லை.

தம்பி பிரிக்காத ஜோடிகள் இரண்டைக் கையில் திணித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கருமத்தம்பட்டியில் இறங்கி மாமா குடோனுக்குப் போனேன். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. பஞ்சை விரலில் உருட்டி மெலிதாக்கி மாமா காதில் நானே செருகினேன். அது உள்ளே விரிந்து அடைக்கும் வரை தலையைச் சாய்த்தபடி நின்றார். "என்ன மாப்ள இது, கம்மாய்க்குள்ள முங்கின மாதிரி இருக்குது" என்று கத்தினார். அப்புறம் தறிப் பக்கம் திரும்பிவிட்டார். நாடாவுக்குள் மூன்று நூல்தார் மாற்றுகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன், அதைக் கழற்றவில்லை.