திருவாதிரையும் ஒரு ரெனிஸ் பந்தும்

1997. கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து, மல்லாவிப் பக்கம் கிடுகுக் கொட்டில்களில் எங்கள் பள்ளிக்கூடம் நடந்த காலம். உயர்தரத்துக்கு ஆய்வுகூடம் கிடையாது. இரவில் ஜாம் போத்தல் விளக்கு, அதற்கும் மண்ணெண்ணெய் அளந்துதான். இந்த இலட்சணத்தில், நட்சத்திரம் எப்படிச் சாகிறது என்று காட்ட எங்கள் பௌதிக சேருக்கு ஆசை வந்தது. "சிலபசில இல்லையே" என்று முன்வாங்கில் ஒருவன் முணுமுணுத்தான். சேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"விறகு இருக்குமட்டும்தான்டா அடுப்பு."

சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் திணிவுள்ள நட்சத்திரம் ஐதரசனைப் பல மில்லியன் ஆண்டுகள் எரிக்கும். பிறகு ஈலியம், காபன், ஒட்சிசன் என்று போகப் போக விறகு கெதியாகத் தீரும். சிலிக்கனுக்கு ஏறத்தாழ ஒரு நாள். மிஞ்சுவது இரும்பு. "அது சாம்பல். சாம்பலில சோறு வேகாது." இரும்புக் கருவின் திணிவு சூரியனுடையதைப் போல 1.4 மடங்கை எட்டினால் தன் பாரத்தைத் தாங்காது. வானியற்பியலாளர் சந்திரசேகர் 19 வயதில் கப்பலில் போகும்போது போட்ட கணக்கில் வந்த எல்லை அது. பூமியளவு கரு ஒரு செக்கனுக்குள் இருபது, முப்பது கிலோமீற்றர் அகலத்துக்கு இறுகிவிடும். மேலிருந்து விழுவதெல்லாம் அதில் மோதித் திரும்பும்; வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

திரும்புவதைக் காட்டத்தான் பந்து. பள்ளிக்கூடத்தின் ஒரே உதைபந்தின் மேல் ரெனிஸ் பந்தை வைத்து, நெஞ்சுயரத்தில் இருந்து இரண்டையும் ஒன்றாக விடச் சொன்னார். விட்டது நான்தான். உதைபந்து அப்படியே அமுங்கிக் கிடந்தது. ரெனிஸ் பந்து கூரைக்கு மேலால் பறந்து பின்பக்கப் பற்றைக்குள் போய்விட்டது. அது சேர் தன் காசில் வாங்கிய பந்து.

"உண்மையில இந்த உதை மட்டும் காணாது, நியூத்திரினோ எண்ட, கிட்டத்தட்ட எதையும் துளைச்சுப் போற துணிக்கையளும் தள்ளவேணும்" என்று பற்றையைப் பார்த்தபடியே பாடத்தை முடித்தார். 1987 மாசி (பெப்ரவரி) 23 அன்று, பக்கத்து விண்மீன் கூட்டமான மகெல்லன் முகிலில் வெடித்த நட்சத்திரத்தின் நியூத்திரினோக்களில் 25 அளவில் பிடித்தார்களாம். பின்னாளில் நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். இலங்கையில் அப்போது பகல் 1.05. ஆண்டு மூன்றில் படித்த நான் சோற்றுக் கோப்பையோடு இருந்திருப்பேன். அவை தெற்கே அடிவானத்துக்குக் கீழிருந்து, நிலத்துக்குள்ளால் வந்து என்னையும் துளைத்துப் போயிருக்கின்றன. ஒன்றும் தெரியவில்லை.

திருவெம்பாவைக்கு விடிய நாலரைக்கு எழும்பிப் போகும்போது மேற்கே சிவப்பாகத் தெரியுமே, திருவாதிரை, அடுத்தது அதுதான் என்பார் சேர். 2020 மாசியில் ரொறன்ரோவில் பல்கனியில் நின்று பார்க்கிறேன், அது கண்ணுக்குத் தெரியவே மங்கிக் கிடக்கிறது. தூசு மறைத்ததென்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குப் பதறிப்போய் ஊருக்கு எடுத்தேன்.

"சேர், திருவாதிரை வெடிக்கப்போகுதோ?"

"அதுக்கு ஒரு லட்சம் வருசம் கிடக்கலாம். நீ அந்தப் பந்தைத் தேடி எடுத்தனியோ?"